பயித்தம்பூ வண்டு

இலையை அது தொடுவதில்லை.
பூவைத்தான் தின்னும்,
அதுவும் இதழின் ஓரத்திலிருந்து,
கணக்கெழுதுகிறவனைப் போல ஆறுதலாக.

கறுப்பு. குறுக்கே செம்மஞ்சள் பட்டி,
ஏதோ பள்ளிக்கூடத்து ரை கட்டின மாதிரி.
கிட்டப் போனாலும் பறக்காது.
மைனா ஒன்று வரம்பில் நின்று பார்த்தது,
பார்த்துவிட்டு வெட்டுக்கிளி தேடிப் போயிற்று.
எனக்கு அந்தளவு புத்தி இருக்கவில்லை.

புரட்டாதி, இறைப்பு நாள்.
குப்பிழான் செம்மண்
கரண்டைக்கால்வரை ஏறிக் காய்ந்திருந்தது.
சவர்க்காரத் தண்ணீர் அரை வாளி.
பூப்பூவாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு
நூற்றிப் பதினேழுவரை எண்ணினேன்,
பிறகு மிசின் நின்றது, எண்ணிக்கையும் நின்றது.

ஒன்று தவறி
முழங்கையின் உள்மடிப்பில் விழுந்தது.
தட்டவில்லை, நசித்தேன்.
நசியமுன் அது செய்ததைக் கண்டேன்:
கால்களை மடக்கி
மூட்டுக்கு மூட்டு
மஞ்சளாய் ஒரு துளி விட்டது.
காயம் எதுவுமில்லை,
தானாகத் திறந்து தானாகக் கசிகிற இரத்தம்.
எனக்கு ஒரு நோவுமில்லை.
துடைத்துவிட்டு வாய்க்கால் மாற்றப் போனேன்.

இரவு பதினொன்றுக்கு
வெங்காயக் குமிழளவில்
பொக்களம் எழுந்து நின்றது.

விவசாயப் போதனாசிரியை பிறேமவதனி
ஸ்கூட்டியை நிற்பாட்டாமலே பார்த்து,
"கந்தாரிடின்" என்றாள்.
கந்தரோடைக்குப் பக்கத்து ஊர்ப்பெயர் போலக் கேட்டது.
பிறகு எஞ்சினை நிற்பாட்டினாள்,
சொல்ல ஆசையான கதை ஒன்று அவளிடம் இருந்தது.

"நஞ்சை ஆண்தான் அக்கா வடிக்கும்.
பெண்ணிட்டச் சொந்தமாய் அவ்வளவு இராது.
கூடுற நேரம் ஆண் அள்ளிக் குடுத்துப்போடும்.
அவள் அதை முட்டையில பூசி
மண்ணுக்குள்ள வைப்பாள்.
எறும்பும் கிட்ட வராது."

ஆண் கொண்டுவருகிற சீதனம்!
இரண்டு பேரும் சிரித்தோம்.
அவளுடைய சிரிப்பு முதலில் முடிந்தது.
ஸ்கூட்டிக்கு இன்னும் லீசிங் கட்டுகிறாள்,
வீட்டுக்கு ஓடு போடும்வரை
மாப்பிள்ளை பகுதி நாள் வைக்காதாம்.
"பொரிக்கிற புழு வெட்டுக்கிளி முட்டையைத் தின்னும்,
அந்தளவில நல்லதும்தான்" என்றுவிட்டுப் போனாள்.
நல்லதும்தான்.
திருநெல்வேலிச் சந்தையில்
இதற்கு விலை கேட்க ஆளில்லை.

எட்டுப் பரப்பு இந்தத் தோட்டம்.
அம்மா எழுதித் தந்த சீதன உறுதி.
பெயர் என்னுடையது,
கிணற்றில் பாதிப் பங்கு என்னுடையது,
விற்பதென்றால் மட்டும்
அவருடைய சம்மதமும் வேண்டுமென்கிறது தேசவழமை.
இப்போது அவர் நிற்கிறார் என் சம்மதத்துக்கு.
மூன்று பரப்பு. தம்பிக்காரனின் ஏஜென்சிக் காசு.
"நொத்தாரிசு ஆறு மணிக்கு வாறார்.
ஒரு கையெழுத்துத்தானே,
என்ன, நோகவா போகுது?"

ஆறு மணிக்கு வந்தார்.
தேத்தண்ணி குடித்தார்.
பேனையின் மூடியைக் கழற்றி
என் பக்கம் திருப்பி வைத்தார்.

சட்டைக் கையை உயர்த்திக் காட்டினேன்.
லைற் வெளிச்சத்தில் பொக்களம்
மஞ்சளாய், நிறைந்து,
உடையப் பார்த்தபடி இருந்தது.
"கை மடங்குதில்லை" என்றேன்.

நொத்தாரிசு கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்.
"தொத்துமோ?"
"தெரியாது."

அது இடக்கை.
நான் வலக்கையால் எழுதுகிறவள் என்பது
பதினாறு வருசமாய் அவருக்குத் தெரியும்.
என்னைப் பார்த்தார், கையைப் பார்த்தார்,
பேனையை எடுத்து மூடினார்.

விடிய, அதே பாத்தி.
இந்தமுறை கையில் ஷொப்பிங் பை.
வண்டுக்கு நன்றி சொல்லுகிற ஆளில்லை நான்,
சவர்க்காரத் தண்ணீர் முக்கால் வாளி.

கடைசிச் செடியில் இரண்டு,
ஒன்றின் மேல் ஒன்று.
கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டிருந்தது.
முடியட்டும் என்று
அடுத்த பாத்திக்குப் போனேன்.